பாவாயியின் கையைப் பிடித்தவர்கள்

மாவுக்கட்டை வெட்டி எடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பாவாயியின் வலி முதன்முதலாக அவளை விட்டு இறங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் வலது கையைப் பிடித்தபடி நின்றிருந்த புருஷன் அர்த்தநாரியின் காலுக்குள் போனது. ஐம்பத்து நாலு நாளாக ஒரு நொடிகூட ஓயாமல் கணுக்காலில் கிடந்து கடித்துக்கொண்டிருந்த அது சட்டென்று இல்லாமல் போனதும், தான் செத்துவிட்டதாகத்தான் பாவாயி முதலில் நினைத்தாள். அப்புறம்தான், தன் கையை விடாமலே வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்ட அர்த்தநாரியைப் பார்த்தாள். அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கட்டு வெட்டிக்கொண்டிருந்த நர்சம்மா இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கைய விடுங்க, சரியாப் போயிடும்" என்றாள். அவன் விட்டான். வலி வந்த வழியே திரும்பி வந்து தன் இடத்தில் படுத்துக்கொண்டது. மூன்று வருசத்துக்கு முன்னால் இதே வார்டில் கரும்பாலைக்காரர் ஒருவருக்கும் இப்படித்தான் இருந்தது, அவருக்கு இடது கை, என்று சொல்லிக்கொண்டே நர்சம்மா நோயாளிச் சீட்டை எடுத்து, மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே 'வலது கையைப் பிடிக்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பாவாயிக்கு அப்போது நாற்பத்தோரு வயது. வெள்ளக்கரட்டுக்குக் கிழக்கே தார்ரோட்டை ஒட்டி இருந்த சென்னியப்பனின் சேகோ ஆலையில் ஒன்பது வருசமாக மரவள்ளிக் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவியவள்; வெயில் ஏறியதும் ஈர ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி வெறுங்காலால் வரிவரியாகக் கிளறிவிட்டவள். மாசி மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கிழங்கு ஏற்றிவந்த டிராக்டர் கொட்டகைப் பக்கம் பின்னால் வந்தபோது, கீழே சிதறிய கிழங்கைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த அவளுடைய வலது பாதத்தின் மேல் டிரெய்லரின் சக்கரம் ஏறி நின்றது. ஓட்டியவன் முதலாளியின் தங்கை மகன். அவனிடம் லைசென்ஸ் இல்லை. அன்று சாயங்காலமே அவனை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாவாயியை ஆட்டோவில் ஏற்றி, நொறுங்கிப்போன பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ராஜாமணி. ஆலையில் பாவாயிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தோல் சீவுகிறவள், ஐம்பதை நெருங்கியவள், அதிகம் பேசாதவள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் முதலில் வந்ததும் அவள்தான். அர்த்தநாரி வாசலிலேயே விஷயத்தைச் சொன்னான். ராஜாமணி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் தாங்குது?"

"எனக்கு அரைமணி தாங்குச்சுக்கா. அதுக்கு மேல கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"அப்ப எனக்கும் அரைமணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பாவாயி வேண்டாம் வேண்டாம் என்று கையை முந்தானைக்குள் ஒளிக்க ஒளிக்க இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் சுண்டி, கழுத்து நரம்பு எழும்பி, வலது பாதம் தானாக உள்பக்கம் சாய்ந்தது. அந்த அரைமணியில் பாவாயி எழுந்து போய் முகம் கழுவி, இரண்டு மாசமாகச் சிக்குப் பிடித்த தலையைச் சீவிக்கொண்டாள். ராஜாமணி கையை விடாமல் அவள் பின்னாலேயே நொண்டி நொண்டி நடந்தாள்.

ராஜாமணி போய்ச் சொன்னதில் தெருவே வந்தது. அது ஆலைக்காரர்களின் தெரு. ஷிப்டுக்குப் போகிறவர்கள் போகிற வழியிலும், வருகிறவர்கள் வருகிற வழியிலும் நுழைந்து, ஆளுக்கு அரைமணி பாவாயியின் வலியை வாங்கி வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் யாருக்கு எந்த நேரம் என்று எழுதி ஆணியில் மாட்டினார்கள். அதன் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விதிகளும் சேர்ந்தன: மாசமாக இருப்பவர்கள் பிடிக்கக் கூடாது, நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் பிடிக்கக் கூடாது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கூடாது, வெறும் வயிற்றோடு யாரும் வரக் கூடாது. சலூன் வைத்திருந்த தனசேகர் கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் வந்து கண்ணை மூடிக்கொண்டு அரைமணியும் ஏதோ ஒரு மெட்டை முனகினான். மளிகைக்கடை பூவரசன் வாய் ஓயாமல் தன் தம்பியைத் திட்டினான், திட்டினால் சீக்கிரம் போகிறது என்றான். நாலு வருசமாகப் பேசிக்கொள்ளாத ஓரகத்திகள் இரண்டு பேருக்கு அடுத்தடுத்த நேரம் விழுந்ததில், ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி கைக்குப் பாவாயியின் கையை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது "பாத்து", "ம், பிடிச்சிட்டேன்" என்று இரண்டு வார்த்தை பேச வேண்டியதாகி, அதிலிருந்து தினமும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த கணக்கு வாத்தியார் அருணகிரி ஒருநாளைக்கு இரண்டு தடவை வந்தார், இந்த வலி உள்ளே வந்துவிட்டால் அந்த வலிக்கு இடமில்லாமல் போகிறது என்று சொன்னார். பாவாயி அவரை ஒருதடவை மட்டும் வரச் சொன்னாள்.

டவுன்பஸ் கண்டக்டர் டிக்கெட்டை அவள் இடது கையில் கொடுக்கப் பழகினார். கோயில் பூசாரி காப்பை இடது மணிக்கட்டில் கட்டினார். பங்குனி போய் ஆனி வருவதற்குள் தெருவில் எல்லோருக்கும் வலது பாதம் லேசாக உள்பக்கம் சாய்ந்துவிட்டது. ஊருக்குப் புதிதாக வந்த பாத்திர வியாபாரி ஒருவன், இந்தப் பக்கத்து ஜனங்களின் நடையே அப்படிப் போல என்று நினைத்துக்கொண்டு போனான்.

எல்லோரும் பாவாயிக்கு ஓய்வு கிடைக்கிறது என்று நினைத்தார்கள். அந்த அரைமணிகளில் அவள் கால் வலிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அவளுக்கு ஓய்வும் இல்லை. பிடித்திருப்பவர்களின் முகத்தை விட்டு அவள் கண் நகராது. உதட்டு நிறம் மாறுகிறதா, நெற்றியில் வேர்வை அரும்புகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தவர்களோ, யாருக்காவது தெரியாத நெஞ்சு வலி இருக்குமோ, என் கையைப் பிடித்தபடியே ஒரு உயிர் போய்விட்டால் அந்த வீட்டு வாசலில் நான் எப்படிப் போய் நிற்பேன் என்று மனது ஓடிக்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் ஆவதற்குள் "இப்பக் கொறைஞ்சிருக்குது, விடுங்க" என்று கையை உருவிக்கொள்வாள். விட்டதும் திரும்பி வருகிற வலி எப்போதும் போன அளவுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எத்தனை பேர் சுமந்தாலும் அது தேயவில்லை.

முதலாளி சென்னியப்பன் ஒரே ஒரு தடவை வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் டிரைவர் கையில் இருந்தன. அவர் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, "ஆலை இருக்குதும்மா, பாத்துக்கலாம்" என்றார். அதற்கப்புறம் இரண்டு மாசம் ஆலையிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எலும்பு ஒட்டிய விதம் சரியில்லை, திரும்பத் திறந்து தகடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஊன்ற முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அர்த்தநாரி கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்கிப் பாத்திரம் கழுவுகிறவன். முகூர்த்தம் இல்லாத மாசத்தில் அவனுக்கு வேலையே இல்லை. அவன் ஆலை கேட்டில் நாலு நாள் நின்று பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் ஜில்லாத் தலைநகருக்குப் பஸ் ஏறி, தமயந்தி என்ற வக்கீலம்மாவின் வீட்டைத் தேடிப் போனான்.

தமயந்தி தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டுக் கொடுத்தாள். ஆலையிலிருந்து வந்த பதிலை அவள் பாவாயிக்கு வாசித்துக் காட்டினாள். பாவாயி என்ற பெயரில் எங்கள் ஆலையில் யாரும் வேலை செய்ததில்லை, பதிவேட்டில் அந்தப் பெயரே கிடையாது, அந்தப் பெண் ஆட்டுக்குத் தீவனமாகக் கிழங்குத் தோல் பொறுக்க அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தவள் என்று அதில் இருந்தது.

"எங்கிட்ட ஆடே இல்லீங்களே" என்றாள் பாவாயி.

"இல்லைன்னு நீங்க சொன்னா எடுபடாது. நீங்க அங்க வேலை செஞ்சீங்கன்னு கூட வேலை செஞ்சவங்க யாராவது வந்து சொல்லணும். ஒருத்தர் போதும்."

ஒருத்தர் போதும் என்றதும் பாவாயிக்கு மூச்சு வந்தது. நாற்பது பேர் தினமும் தன் கையைப் பிடிக்கிறார்களே என்று நினைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம் முறைக்கு வந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, ஒவ்வொருவரும் வலியோடு வலியாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். வலியை வாங்கிக்கொள்ள யாரும் தயங்கவில்லை. அரைமணிக்குப் பதில் முக்கால்மணி வைத்துக்கொள்கிறேன் என்றார்கள். ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறேன் என்றாள். ஆணையர் முன்னால் நின்று 'இவள் எங்களோடு தோல் சீவியவள்' என்று ஒரு வாக்கியம் சொல்வதற்கு மட்டும் யாராலும் முடியவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் இருந்தது ஒரே ஆலை. கடைசியாக ராஜாமணியிடம் கேட்டாள்.

ராஜாமணி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கைய எப்ப வேணா கேளு, பாவாயி. சாட்சி மட்டும் கேக்காத" என்றாள்.

பாவாயி மறுபடி கேட்கவில்லை. ராஜாமணி வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருப்பவர், அவள் கூலியில்தான் அந்த வீடு நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எதிராளியின் கஷ்டம் தெரிந்தபின் கோபப்படவும் முடியவில்லை, கேட்காமல் விட மனசும் வரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் நெஞ்சு எந்நேரமும் படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது.

ஆடியில் மருத்துவக் குழுவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எத்தனை சதவீதம் ஊனம் என்று அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் இழப்பீடு என்று தமயந்தி சொல்லியிருந்தாள். அன்று காலை பாவாயி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்த அறையில், எழுந்து சுவர்வரை நடந்து காட்டுங்கள் என்றார்கள். அவள் எழும்போது தடுமாறினாள். விழப்போகிறவளைப் பிடிப்பது போல, நாலு மாசத்துப் பழக்கத்தில், அர்த்தநாரி அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அவள் தெரிந்து உருவுவதற்குள் நாலு எட்டு சாதாரணமாக எடுத்து வைத்துவிட்டாள். டாக்டர்கள் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நொண்டி வந்தவனைப் பார்க்கவில்லை. பத்து சதவீதம் என்று எழுதினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அர்த்தநாரி ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "நான்தான் கெடுத்தேன்" என்றான். அவனைத் தேற்றுவதற்குக்கூட அவன் கையைத் தொட முடியாமல் பாவாயி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆணையர் அலுவலகத்தில் முதல் விசாரணையன்று ஆலை வக்கீல் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மிகவும் பணிவான குரலில் பேசினார். "ஐயா, மனுதாரர் எங்க ஊழியரே இல்லை. ஒரு பேச்சுக்கு ஊழியர்னே வெச்சுக்கிட்டாலும், அவருடைய வலியை தினமும் ஏறக்குறைய நாற்பது பேர் பகிர்ந்துக்கறாங்க. இது ஊரறிஞ்ச விஷயம். அப்படின்னா அவர் வசம் இருக்கறது ஒரு பகுதிதான். அந்தப் பகுதிக்குத்தான் அவர் இழப்பீடு கேக்க முடியும். மத்தவங்க அவங்கவங்க பகுதிக்குத் தனித்தனியா மனு போட்டுக்கட்டும்." தட்டச்சு செய்கிறவர் தலையை நிமிர்த்தாமல் அதை அப்படியே அடித்துக்கொண்டார்.

ஆணையர் நரைத்த தலையோடு சோர்ந்து தெரிந்த மனிதர். அவர் பாவாயியைப் பார்த்துக் கேட்டார். "நீங்க அங்க வேலை செஞ்சதுக்கு ஒரு சாட்சியாவது உண்டாம்மா?"

"எல்லாருக்கும் தெரியுங்கய்யா."

"எல்லாருக்கும் தெரியறது வேற. ஒருத்தர் வந்து சொல்லணும். அடுத்த வாய்தா பதினாலு நாள்ல. அதான் கடைசி."

அந்தச் செய்தி பாவாயி வீடு திரும்புவதற்கு முன்பே ஆலைக்குப் போய்விட்டது. மறுநாள் காலையிலிருந்து மேஸ்திரி கோபாலு கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே நுழைகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்தான். வலது பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்கு அன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினான். முதல் நாள் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். அன்று சாயங்காலம் தெருவில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு நேராக நடந்து பழகினார்கள். ஆனால் முந்தின நாள் வலியைப் பிடித்திருந்த கால் எவ்வளவு பழகினாலும் கொஞ்சமாவது சாய்ந்தது. இரண்டே நாளில் ஆணியில் மாட்டிய காலண்டர் தாள் மட்டும் மிஞ்சியது. ஆலைக்குப் போகாதவர்களான தனசேகரும் வாத்தியாரும் வந்தார்கள். அவர்களையும், உங்களுக்கு எதற்கு வம்பு என்று பாவாயியே வாசலோடு அனுப்பிவிட்டாள்.

அர்த்தநாரியையும் அவள் தொட விடவில்லை. பதினோரு நாள் அந்த வலியை அவள் ஒருத்தியே முழுசாக வைத்துக்கொண்டாள். படுத்தால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதியில் கை நின்றுபோகும். வாய்தாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள், எண்ணியதை மறந்துவிட்டுத் திரும்ப எண்ணுவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்ப்பாள். ராஜாமணியும் வரவில்லை என்பதுதான் காலை விட அதிகமாக வலித்தது.

ராஜாமணி வந்தது வாய்தாவுக்கு முந்தின நாள், நல்ல வெயிலில், பத்து மணி ஷிப்டு நேரத்தில், தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி நடுத்தெருவில் நடந்து. வந்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு நாள் கழித்து வலி இறங்கியதில் பாவாயிக்கு உடம்பே காற்றாகிவிட்டது போல இருந்தது. ராஜாமணிக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் கைய உருவாத."

"சொல்லுக்கா."

"அன்னைக்கு டிராக்டரப் பின்னால வா வான்னு கை காட்டுனது நான்தான்."

பாவாயி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் திரும்பிப் பாக்கவே இல்ல, கண்ணாடியில என் கையத்தான் பாத்துக்கிட்டு வந்தான். நான் உன்னப் பாக்கல. கெழங்க எங்க கொட்டச் சொல்றதுன்னு கொட்டாயப் பாத்துக்கிட்டு, கை மட்டும் வா வான்னு ஆட்டிக்கிட்டு இருந்தேன். நீ கத்துன பெறகும் ரெண்டு தடவ ஆட்டிட்டேன். மொதலாளிக்கு இது தெரியும். நான் சாட்சின்னு போனா எம்மேலதான் கேசு திரும்பும்னு மொத வாரமே சொல்லிட்டாரு."

பாவாயிக்கு அந்த நாலு மாசத்தில் ராஜாமணி பிடித்த ஒவ்வொரு அரைமணியும் நினைவுக்கு வந்தது. அதையெல்லாம் அவள் பாசம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. தனக்கு இவ்வளவு கோபம் வரும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. இத்தனை நாளும் கையை எப்போது விடுவது என்பது பிடிப்பவர்களின் விருப்பமாகவோ பாவாயியின் இரக்கமாகவோ இருந்தது. அன்றைக்கு முதன்முறையாகப் பாவாயி தன் விரல்களை மடக்கி ராஜாமணியின் கையை இறுக்கிப் பிடித்தாள். விடவில்லை.

அரைமணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. ராஜாமணி கையை இழுக்கவில்லை, விடச்சொல்லிக் கேட்கவும் இல்லை. ஆலைச் சங்கு பன்னிரண்டுக்கு ஊதியது. ராஜாமணியின் உதடு கறுத்து, வேர்வை தாடையிலிருந்து சொட்டி, ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. பாவாயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போதும் பார்க்கிற மாதிரி இல்லாமல். சாப்பிட வந்த அர்த்தநாரி வாசலில் நின்று இருவரையும் பார்த்தான்.

"விட்ரு, பாவாயி" என்றான்.

அவள் விடவில்லை. ராஜாமணியின் தலை மெல்லச் சரிந்து கட்டில் சட்டத்தில் இடித்தபோதுதான், அந்தச் சின்ன 'டக்' சத்தத்தில், பாவாயியின் விரல்கள் தானாகப் பிரிந்தன. வலி வந்து தன் இடத்தில் படுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொம்பை எடுத்து ராஜாமணியின் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவள் கண் திறந்ததும் கேட்டாள்.

"சாப்ட்டியாக்கா?"

"இல்ல."

அர்த்தநாரி இரண்டு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தான். இருவரும் சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பியபோது ராஜாமணி நிலைப்படியில் நின்று கேட்டாள்.

"நாளைக்கு எத்தன மணி பஸ்சு?"

"ஏழரை" என்றாள் பாவாயி.

மறுநாள் ராஜாமணி ஆணையர் முன்னால் போய் நின்றாள். தமயந்தி கேட்கக் கேட்க, ஒன்பது வருசமாகப் பாவாயி எந்த இடத்தில் உட்கார்ந்து தோல் சீவினாள், அவளுக்குப் பின்னால் எந்தத் தூண், மழைநாளில் அங்கே எந்த ஓட்டை வழியாக ஒழுகும், அதற்கு எந்த நிறத் தார்ப்பாய் கட்டினார்கள் என்பது வரை சொன்னாள். டிராக்டரையும் சொன்னாள், ஓட்டியவனையும் சொன்னாள், தன் கையையும் சொன்னாள்.

ஆலை வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார். "அப்படின்னா விபத்துக்குக் காரணம் நீங்கதான்னு ஒத்துக்கறீங்க."

"என் தப்பும் இருக்குதுங்க. நான் கை காட்டுனேன். லைசென்சு இல்லாதவன் ஓட்டுனான். ஓட்டச் சொன்னது மொதலாளி. ஆனா அவ ஆட்டுக்குத் தோல் பொறுக்க வரலீங்க. ஒம்போது வருசமா எம்பக்கத்துல உக்காந்து வேல செஞ்சவ."

"மனுதாரர் வலியையும் நீங்க வாங்கி வெச்சிருந்திருக்கீங்க?"

"வெச்சிருந்தேன்."

"அப்ப அவங்களுக்குக் கொறைஞ்சிருக்குமே."

ராஜாமணி தலையை ஆட்டி மறுத்தாள். "அது கொறையலீங்க. நாங்க வெச்சிருந்த நேரத்துல அவ எங்களுக்காகப் பயந்துக்கிட்டு இருந்தா. அது எங்களுதவிடப் பெருசு. அத எங்களால வாங்க முடியல" என்றாள்.

ஆணையர் அதைக் குறித்துக்கொண்டார். மருத்துவக் குழு மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்றும், அப்போது மனுதாரருடன் வேறு யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

அன்று சாயங்காலமே ராஜாமணிக்கு ஆலையில் வேலை போனது. அவள் அர்த்தநாரியோடு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனாள். அவள் மேல் கேசு எதுவும் திரும்பவில்லை. இரண்டாவது தடவை டாக்டர்கள் முப்பத்தைந்து சதவீதம் என்று எழுதினார்கள். பாவாயி அந்தச் சுவர்வரை நடந்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கார்த்திகையில் தீர்ப்பு வந்தது. பாவாயி ஆலையின் தொழிலாளிதான், காயத்துக்கு ஆலையே பொறுப்பு, இழப்பீட்டை வட்டியோடு கட்ட வேண்டும் என்று. அவர்கள் பயந்ததை விட அதிகம், தமயந்தி கேட்டதை விடக் குறைவு. தகடு வைக்கப் போதும், அதற்கப்புறம் ஒரு வருசம் சமாளிக்கலாம். சென்னியப்பன் மேல்முறையீடு என்று கொஞ்ச நாள் பேசிவிட்டுக் கட்டிவிட்டார்.

தீர்ப்பு வந்த மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு ராஜாமணி வந்து பாவாயியின் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முகம் சுண்டவில்லை, பாதம் சாயவில்லை.

"என்னாக்கா?"

"வரல."

அர்த்தநாரி பிடித்தான். வரவில்லை. தனசேகர், பூவரசன், ஓரகத்திகள், இப்போது பயமில்லாமல் வரத் தொடங்கியிருந்த ஆலைப் பெண்கள் என்று ஒவ்வொருவராக வந்து பிடித்துப் பார்த்தார்கள். உள்ளங்கைச் சூட்டைத் தவிர எதுவும் வரவில்லை. சர்க்கார் முத்திரை குத்தி இன்னாருடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டது, இனி அது எப்படி இன்னொருவரிடம் போகும் என்றான் பூவரசன். தெருவும் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டது. வாத்தியார் அருணகிரி ஒரு மணிநேரம் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, தன் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே எழுந்து போனார். இரண்டு மூன்று நாளில் தெருவின் நடை நேராகிவிட்டது. காலண்டர் தாளை யாரோ கழற்றி மடித்து அலமாரியில் வைத்தார்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் யாரும் வரவில்லை; அவர்களுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வலி முழுவதும், காலை முதல் மாலை வரை, பாவாயிக்கே சொந்தமாக இருந்தது. ஆபரேஷனுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. மயக்க மருந்து தெளிந்ததும் எப்படி இருக்கும், தகடு சேராமல் போனால் என்ன ஆகும் என்று அவள் நெஞ்சு திரும்பவும் அடித்துக்கொண்டது.

எட்டாம் நாள் மதியம் மண்டபத்துக்குப் போகிற வழியில் ராஜாமணி வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வராதுக்கா."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மாதான். படு."

பாவாயி பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தாள். உதடு அதன் நிறத்திலேயே இருந்தது. நெற்றி காய்ந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. அந்த முகத்தில் அவள் காவல் காக்க வேண்டியது எதுவும் இல்லை. கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த வலியோடேயே அவள் மெல்லக் கண்ணை மூடினாள். மூடியவள் அப்படியே தூங்கிப்போனாள், வாயை லேசாகத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு. மண்டபத்தில் மறுநாள் கல்யாணத்துக்கு அண்டாக்கள் வந்து இறங்கியிருக்கும், ஆள் தேடுவார்கள் என்று ராஜாமணிக்குத் தெரியும். அவள் கையை எடுக்காமல், இன்னொரு கையால் முந்தானையை எடுத்துப் பாவாயியின் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.